ஆறு தாளை மடித்தால் ஒரு புத்தகம்

சிறுவர் புத்தகம் எழுதி வரைய வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றித்தான். எந்த டேப்லெட் வாங்கலாம், எந்த ஆப் நல்லது, வாட்டர்கலரிலேயே செய்யலாமா? நான் ஆறு ஏ4 தாள்களைக் கொடுத்து, நடுவில் மடித்து, மடிப்பின்மேல் இரண்டு பின் அடிக்கச் சொல்வேன். 24 பக்கத்தில் ஒரு புத்தகம் கையில் வந்துவிடும். இதைத்தான் டம்மி என்கிறோம். முதல் பக்கத்தில் தலைப்பு, கடைசிப் பக்கத்தில் பதிப்பு விவரம். அவை போக, திறந்தால் இடதும் வலதுமாகச் சேர்ந்து தெரியும் ஸ்பிரெட்டுகள் 11. கதை அந்தப் பதினொன்றுக்குள் நடந்து முடிய வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இன்றைக்கும் மனதில் புதிதாக ஒரு கதை தட்டுப்பட்டால், எழுத உட்காருவதற்கு முன் தாளைத்தான் மடிக்கிறேன்.

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். ஓவியர் கோபுலு படித்ததும் அந்த ஊர் ஓவியப் பள்ளியில்தான் என்பதில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. உருவம், உடற்கூறு, நிழல், வண்ணம் எல்லாம் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பது மட்டும் பாடத்தில் இல்லை. சென்னையில் ஒரு மாதப் பத்திரிகையின் லே-அவுட் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த மூத்த ஓவியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டேன். எந்தப் படத்தை நீட்டினாலும், "சரிம்மா, நல்லாருக்கு. இதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன?" என்று கேட்பார். பதில் சொல்ல முடிகிற படத்தைத்தான் வாங்கிக்கொள்வார்.

அதற்கும் முன்பே அத்தை வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த அம்புலிமாமா எனக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1947இல் தொடங்கிய பத்திரிகை அது. அதில் சங்கர் என்ற பெயரில் வரைந்த கே.சி. சிவசங்கரனின் விக்கிரமனையும் வேதாளத்தையும் நம்மில் யாருக்கு மறக்கும்? உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், இருட்டு, சுடுகாடு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலும் அந்தப் படத்தில் கதை எனக்குப் புரிந்தது. விக்கிரமன் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான், இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்ப அது போதும். அவர் 2020இல் மறைந்தார், மறு வருடம் பத்மஸ்ரீ வந்தது. உயிரோடு இருந்தபோதே அதை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பக்கத்தைத் திருப்ப வைப்பதுதான் எங்கள் வேலையின் உயிர். என் புத்தகம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஒரு தாத்தா, கூடவே அவருடைய பேத்தி. வாசகம் மிகக் குறைவு. "தாத்தா சட்டையை உதறினார். தண்ணீர் தெளித்தார். தேய்த்தார். மடித்தார்." படத்தில் வண்டிக்குப் பின்னால் ஓர் ஆடு வந்து நிற்கிறது. அடுத்த ஸ்பிரெட்டில் பாவாடை, அதற்கடுத்ததில் வேட்டி. வாசகத்தில் ஆட்டைப் பற்றி ஒரு சொல்கூட வராது. படத்தில் மட்டும் நீலச் சட்டையின் கை ஆட்டின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் சட்டைக்காரர் வந்து "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்பார். அந்த இடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள் பாருங்கள்! பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற சந்தோஷம் அது. "ஆடு மெல்ல வந்து சட்டையைத் தின்றது" என்று நான் எழுதியிருந்தால் அது அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒரே ஆளாக இருப்பதில் உள்ள வசதி இதுதான். வாசகத்தில் எதை விடலாம், அதைப் படம் எங்கே பிடித்துக்கொள்ளும் என்று ஒரே தலைக்குள் தீர்மானிக்கலாம். டம்மியில் முதலில் குச்சி உருவங்களை மட்டும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். எனக்கு முதல் வரைவில் இருப்பதில் பாதிதான் கடைசியில் மிஞ்சும்.

மடித்த தாள் இன்னும் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், கண்ணும் அப்படியே ஓடும். ஆகவே ஊருக்குப் புறப்படுகிறவர் வலப்பக்கம் பார்த்து நடக்க வேண்டும், திரும்பி வருகிறவர் இடப்பக்கம் பார்த்து வர வேண்டும். என் ஆடு எல்லாப் பக்கத்திலும் வலது ஓரத்திலிருந்து உள்ளே நுழையும். கண் போகிற திசைக்கு எதிரே வருவதால் பிள்ளைகள் அதைச் சட்டென்று பார்த்துவிடுகிறார்கள். முகத்தையோ கையையோ நடு மடிப்பில் போடக் கூடாது, பாதி உள்ளே போய்விடும். பின் அடித்த புத்தகத்தில் நட்டநடு ஸ்பிரெட் மட்டும் ஒரே தாளில் விரியும். 24 பக்கம் என்றால் 12, 13. தெரு முழுவதையும் நான் அங்கேதான் வரைந்தேன்.

வரைவதற்கு முன் இஸ்திரி வண்டிக்காரரோடு போய் உட்கார்ந்தேன். படம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் பார்த்து வரைவது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து வரைவது வேறு. பெட்டியின் மூடி திறந்திருக்கும்போது உள்ளே கொட்டாங்கச்சிக் கரி எப்படிக் கனல்கிறது, பெட்டியை இறக்கி வைக்க இரும்பு வளையம் எங்கே இருக்கிறது, தண்ணீர் தெளிக்கும் கை எப்படிக் குவிகிறது. என் ஸ்கெட்ச்சைப் பார்த்த அவர், "மூடி போட்டிருந்தா கரி எப்படிம்மா பிடிக்கும்? தெறந்து வச்சு விசுறணும்" என்றார். அந்த விசிறல் தனியாக ஒரு ஸ்பிரெட் ஆனது. புகையில் பேத்தி கண்ணைக் கசக்குவாள், அந்த நேரம் பார்த்து ஆடு ஒரு கடி கடிக்கும். வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது.

டம்மி தயாரானதும் பிள்ளைகளிடம் எடுத்துப் போக வேண்டும். சொந்தப் பிள்ளை, அக்கா பிள்ளை எல்லாம் சரிப்பட்டு வராது. நமக்காகச் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் திருவள்ளூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார். இரண்டாம் வகுப்புக்குப் போய்த் தரையில் உட்காருவேன். புத்தகத்தைப் பக்கவாட்டில், அவர்கள் கண் மட்டத்தில் பிடித்துக்கொள்வேன். படிக்கும்போது அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்பதைவிட எங்கே ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பேன். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். "கதை பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "பிடிச்சிருக்கு மிஸ்" என்றுதான் வரும்.

"இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மட்டும் யாரும் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள் என்று ஆசிரியர்களையும் பெற்றோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில பதிப்பாசிரியர்களும் கதையை வாங்கும்போதே அதைத்தான் கேட்கிறார்கள். ஆடு சட்டையைத் தின்றதில் என்ன நீதி? அந்தக் கேள்வி விழுந்த மறுகணம் வகுப்பில் முகங்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை நண்பனாக இருந்த புத்தகம் பரீட்சை ஆகிவிடுகிறது.

மொழி விஷயத்தில் என் வழக்கம் இது. கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு "ஓடிக்கொண்டிருந்தது" என்பது ஒரு மலையேற்றம். "ஓடியது" போதும். ஆனால் வாசித்துக் காட்டும் புத்தகத்தில் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். "கடகட", "சொய்ங்", "தொபுக்கடீர்" எல்லாம் தாராளமாக வரட்டும். யார் படிக்கப்போகிறார்கள், பிள்ளையா பெரியவரா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகம் நான்கு படிநிலைகளாகப் புத்தகம் போடுகிறது. அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளம் 2015இலிருந்து இருக்கிறது, ஏராளமான தமிழ்ப் புத்தகங்களை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு படியிலும் சிலவற்றை எடுத்து, பக்கத்துக்கு எத்தனை சொல், வரி எங்கே உடைகிறது, படம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்துச் சேரும் பயிற்சி வகுப்பைவிட இதில் அதிகம் கிடைக்கும்.

இனி அச்சகம். ஓவியர்கள் பலர் ஃபைலை அனுப்பியதோடு தங்கள் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். எனக்கு அச்சகத்துக்குப் போவது பிடிக்கும். மெஷின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது பாருங்கள். நான்கு கலர், கலருக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் மயில்நீலமும் தாளில் அப்படியே வராது, மங்கிவிடும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே சிஎம்ஒய்கேவில், அதாவது இந்த நான்கு மை நிறங்களில், வேலை செய்ய வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ), நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக்கோடு தெரியாமல் இருக்க இந்தக் கூடுதல் ஓரம்.

நம் நாட்டில் சிறுவர் புத்தகம் செய்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே புத்தகம் தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் என்று பல மொழிகளில் வரும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுகிறது. எப்படிக் கட்டுப்படியாகிறது? வாசகம் முழுவதும் கறுப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே ஓடும். கருநீல வானத்தின்மேல் வெள்ளை எழுத்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே எழுத்து என்பது நான்கு கலரிலும் மை விழாத இடம். மொழிக்கு மொழி நான்கு பிளேட்டும் மாற வேண்டும், செலவு ஏறிவிடும். அதனால் எழுத்து விழும் இடத்தை வெளிர் நிறமாக விட்டு வரைகிறேன். ராத்திரிக் காட்சி என்றால் நிலா வெளிச்சம் விழுந்த சுவரோ மணலோ அங்கே வந்துவிடும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதையும் மனதில் வைத்து அந்த இடத்தைப் பெரிதாகவே விடுங்கள்.

எழுத்துரு தொல்லை தனி. கதையை எப்போதும் யூனிகோடில் கொடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பெரியவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள். இப்போதுதான் எழுத்துப் பழகும் பிள்ளையால் முடியாது. கடைசி புரூஃபை அச்சுத் தாளில் எடுத்து, சத்தமாக, எழுத்தெழுத்தாக நானே படிக்கிறேன்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுவதே நல்லது. புத்தக விலையில் பத்து சதவீதம் ராயல்டி என்றால் பெரும்பாலும் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பாதிப் பாதி. 80 ரூபாய்ப் புத்தகத்தில் ஆளுக்கு 4 ரூபாய். 2,000 பிரதியும் விற்றால் ஆளுக்கு 8,000 ரூபாய், இரண்டையும் நீங்களே செய்தால் 16,000. ஒரு புத்தகத்தில் பல மாத உழைப்பு இருக்கிறது. பொது நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தாலோ பள்ளிகள் மொத்தமாக வாங்கினாலோ இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ராயல்டி தொடர்ந்து வரும். சில பதிப்பகங்கள் ஒரே தொகையாகக் கொடுத்துவிடுகின்றன. அவசரத்துக்கு அது உதவும்தான். ஆனால் புத்தகம் நன்றாகப் போகும் என்று மனதில் பட்டால் முன்பணமும் ராயல்டியும் கேட்டு வாங்குங்கள்.

இதை மட்டும் நம்பி நான் குடும்பம் நடத்தவில்லை. பாடப் புத்தகங்களுக்கு வரைகிறேன், பத்திரிகைகளுக்கு வரைகிறேன், பள்ளிகளில் பட்டறை நடத்துகிறேன். பட்டறைக்கு முன்கூட்டியே தொகை பேசிக்கொள்வதில் தயக்கமே வேண்டாம். மாத வேலை கையில் இருந்தால் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடுகிற பாட்டுகளை எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். அவரைப் போன்ற ஒருவருக்கே மாதச் சம்பளம் தேவைப்பட்டது. நானும் பல வருடம் காலை ஐந்திலிருந்து ஏழு வரை என் புத்தகத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். வீடு எழுந்திருப்பதற்கு முன் ஒரு ஸ்பிரெட்டின் பென்சில் வேலை நகர்ந்திருக்கும்.

ஒப்பந்தம் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு ஸ்டேஷனரிக் கடை. என் பழைய புத்தகத்துக்கு வரைந்த யானை அங்கே நோட்டுப் புத்தக அட்டையில் நின்றுகொண்டிருந்தது. பதிப்பகம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பணமும் தரவில்லை. நல்ல வேளையாக, ஒப்பந்தத்தில் "புத்தகமாக வெளியிட" என்ற சொற்கள் இருந்தன. அந்த வரியைக் காட்டிக் கடிதம் எழுதினேன். இழுத்தடித்தாலும் கடைசியில் பணம் வந்தது. அன்றிலிருந்து எந்த மொழி, எந்த வடிவம், எத்தனை வருடம், எந்த நாடு என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குகிறேன். மின்னூல், ஒலிநூல், காலண்டர், பொம்மை எல்லாம் தனித்தனி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் அது ஐந்து வருடம் என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். நம் படைப்பின்மேல் உள்ள உரிமை நம் ஆயுளுக்கும் அதற்குப்பின் 60 வருடங்களுக்கும் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகிற சொத்து அது, முழுவதையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடக் கூடாது. ஸ்டோரிவீவர் போல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதாக இருந்தால், நம் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். எனக்கு அதில் சம்மதம் உண்டு. சம்மதம் என்று தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். அசல் ஓவியங்கள் வேலை முடிந்ததும் எனக்கே திரும்பி வர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

பதிப்பகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு: முழுப் புத்தகத்தையும் வண்ணம் தீட்டிக்கொண்டு போகாதீர்கள். பதிப்பாசிரியர் ஸ்பிரெட்டை மாற்றச் சொல்வார், அளவை மாற்றச் சொல்வார், அப்போது அத்தனை உழைப்பும் வீண். பென்சிலில் முழு டம்மி, வண்ணத்தில் முடித்த இரண்டு ஸ்பிரெட், கதை தனியாகத் தட்டச்சு செய்த ஃபைல், இது போதும். அசலை அனுப்பவே வேண்டாம், ஸ்கேன்தான். அதற்கு முன் அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் பாருங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் எல்லோருடையதையும் ஒரே நாளில் புரட்டலாம். கையால் செய்த தாளில் சில்க் ஸ்க்ரீன் முறையில் அச்சிடும் தாரா புக்ஸ் பதிப்பகத்துக்குப் பொருந்துகிற கதை வேறு, ஆயிரக்கணக்கில் மலிவு விலையில் அடித்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறவர்களுக்குப் பொருந்துகிறது வேறு. முதல் படியாகப் பத்திரிகைகளையும் முயன்று பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987இலிருந்து வருகிறது, பள்ளிக்கல்வித் துறையின் ஊஞ்சலும் தேன்சிட்டும் இருக்கின்றன. ஒரு பக்கக் கதையும் இரண்டு படமும் அச்சில் வந்தாலே கை நிறையக் கற்றுக்கொள்ளலாம். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் அடுத்த கதைக்கு டம்மி போட ஆரம்பித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஒன்றும் வரவில்லையென்றால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.